பதினெட்டு டிகிரி விசுவாசம்

"தமிழ்செல்வியம்மா, உங்க மேசைக்கு அடியில என்ன இருக்கு?"

"என் காலு இருக்கு சார்."

"அது தெரியுது. காலுக்கு முன்னால செக்கச்செவேல்னு ஜொலிக்குதே, அது என்ன?"

கணக்குப் பிரிவின் கண்காணிப்பாளர் தமிழ்செல்வி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"அதுவா? ஹீட்டரு."

வெளியே மே மாதம். தில்லியின் தார்ச்சாலைகள் தைலமாக உருகிக்கொண்டிருந்தன. காகங்கள் கரைவதை மறந்து நிழலைத் தேடின. அந்தக் கோடையின் கொடுமுடியில், ஓர் அரசு மின் நிறுவனத்தின் கண்ணாடி மாளிகையில், மூன்றாம் மாடியில், மதுரையின் வெயிலிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்மணி குளிர் காய்ந்துகொண்டிருந்தார். அவர் மட்டுமா? மேசைக்கு மேசை ஹீட்டர். அத்தனையும் ஒன்றுகூடி அந்த மாடியின் மின்சாரத்தை முறித்துப் போட்ட பிறகுதான், கட்டடத்தின் மின்பொறியாளர் பூவராகவன் மண்டியிட்டு மேசைக்கு அடியில் பார்க்க நேர்ந்தது.

"மே மாசத்துல ஹீட்டராம்மா?"

"மே மாசத்துல மார்கழியக் கொண்டாந்தது நீங்க. கையி வெரச்சுப் போயி, ஏழுன்னு தட்டுனா ஒம்போதுன்னு விழுகுது. ஏ.சி.யக் கொறைங்க சார், இப்பவே இத வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிர்றேன்."

"அது என் கையில இல்லம்மா."

"மிசினு ஒங்க மிசினு. பெறகு யாரு கையில இருக்கு?"

பூவராகவன் கூரையை நிமிர்ந்து பார்த்தார். அந்த அலுவலகத்தில் விடை தெரியாத கேள்விகளுக்கு எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். கூரைக்கு மேலே, எல்லா மாடிகளுக்கும் மேலே, ஆறாம் மாடியில் சேர்மன் இருந்தார்.

அது சாதாரணக் கட்டடம் அன்று, பசுமைக் கட்டடம். வெயிலைத் தடுத்து வெளிச்சத்தை மட்டும் விடும் கண்ணாடி, பாதி மின்சாரத்தில் ஓடும் குளிர் இயந்திரம், மொட்டை மாடியில் புல்வெளி. சென்ற ஆண்டு திறந்தபோது வாசலில் பசுமைச் சான்றாகப் பித்தளைப் பட்டயம் பதித்தார்கள். ஆனால் பட்டயம் பெறுவது ஒன்று. பட்டயத்துக்குப் பாத்திரமாக நடப்பது வேறொன்று! கட்டும்போது பசுமையாக இருந்தது ஓடும்போதும் பசுமையாக இருக்கிறதா என்று பார்க்க, மாத இறுதியில் தணிக்கை வருகிறது. மீட்டரோ பழைய கட்டடத்தின் மீட்டரையும் விஞ்சிப் பறந்தது.

பட்டயம் கழன்றால் பூவராகவனும் கழற்றப்படுவார். பொது மேலாளர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தார்: "ராஜஸ்தான்ல, பாலைவனத்து ஓரத்துல, நம்ம துணைமின் நிலையம் ஒண்ணு ஆள் இல்லாம கெடக்கு." கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பின் ஒழுகும் கூரைக்குக் கீழே ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டு, அந்தப் பொங்கலுக்குத்தான் மயூர் விஹாரில் சொந்த வீட்டில் பால் காய்ச்சியிருந்தார் பூவராகவன். சுவரின் சுண்ணாம்பு மணம்கூட இன்னும் போகவில்லை. அதற்குள் பூட்டிவிட்டுப் போவதா?

இவ்வளவுக்கும் மூலம் ஓர் எண். பதினெட்டு.

மார்ச் மாதத்தில் புதிய சேர்மன் கஸ்தூரிரங்கன் பொறுப்பேற்க வந்தபோது கோட்டும் டையும் அணிந்து வந்தார். அவருடைய அந்தரங்கச் செயலர் பெரியண்ணன் அந்தக் கோட்டைக் கூர்ந்து நோக்கினார். சேலத்துக்காரர், ஐந்து சேர்மன்களுக்குக் கதவு திறந்த அனுபவசாலி. கோட்டு அணிபவருக்குக் குளிர் பிடிக்கும் என்று முடிவு கட்டினார். இருபத்தாறில் இருந்த கட்டடத்தைப் பதினெட்டுக்கு இறக்கச் சொன்னார். மறுநாளும் சேர்மன் கோட்டோடு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். பெரியண்ணனின் ஞானம் நாளுக்கு நாள் மெய்ப்பிக்கப்பட்டது.

பூவராகவன் ஆறாம் மாடிக்கு ஏறினார்.

"பெரியண்ணன், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சார் தன் வாயால குளிர் வேணும்னு சொன்னாரா?"

"ஏனுங்க, சொல்லித்தான் செய்யோணுமுங்களா? பெரியவங்க வாயத் தொறந்து கேக்கற வரைக்கும் காத்திருக்கறதுன்னா, நாம எதுக்குங்க இங்க உக்காந்திருக்கறது?"

"கீழ எல்லாரும் நடுங்கறாங்க."

"நடுங்கட்டுமுங்க. சாரைப் பாருங்க. மே மாசத்துலயும் கோட்டு! அந்தக் கோட்டுக்கு ஒரு மரியாதை வேண்டாமுங்களா?"

கேட்டீர்களா? ஒரு மனிதரின் உடுப்புக்கு மரியாதை செய்ய, ஒரு மாளிகையே விறைக்க வேண்டுமாம்! மன்னர் ஆட்சி மண்ணோடு மறைந்துவிட்டது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அது மறையவில்லை ஐயா. லிஃப்ட் ஏறி ஆறாம் மாடிக்குப் போயிருக்கிறது.

இந்த ஆவேசமெல்லாம் பூவராகவனின் நெஞ்சுக்குள்ளும் எழுந்தது. கல்லூரி நாளில் தன்மானம் என்ற தலைப்பில் மேடையேறிக் கைத்தட்டல் வாங்கியவர் அவர். ஆனால் நெஞ்சிலிருந்து நாவுக்கு வரும் வழியில் மயூர் விஹார் வீடு குறுக்கே நின்றது. "சரிங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினார். மேலே கைவைக்க முடியாதவன் கீழேதானே கைவைப்பான்? ஹீட்டர்களைப் பறிமுதல் செய்தார்.

மறுநாள் அலுவலகம் முழுவதும் அந்துருண்டை மணத்தது. பெட்டியில் அடுக்கிய குளிர்காலக் கம்பளிகள் எல்லாம் கோடையில் வெளியே வந்துவிட்டன. அதுவும் போதாமல் போகவே, தமிழ்செல்வி ஓர் அரிய கண்டுபிடிப்பைச் செய்தார். மூன்றாம் மாடியின் அவசர வழிக் கதவைத் திறந்தால் வெளிப்படிக்கட்டு. படிக்கட்டு முழுவதும் பொன்னான வெயில்! தில்லிக்காரர்கள் ஜனவரியில் புல்வெளியில் அமர்ந்து, வேர்க்கடலை கொறித்தபடி வெயில் காய்வார்களே, அந்தத் திருவிழா மே மாதத்தில் படிக்கட்டில் தொடங்கியது. கதவு மூடிக்கொள்ளாதிருக்க ஒரு செங்கல். செங்கல்லின் இடுக்கு வழியாக, பாலைவனத்திலிருந்து வரும் லூ என்னும் அனல்காற்று அலுவலகத்துக்குள் அணிவகுத்து நுழைந்தது. அதைக் குளிர்விக்க இயந்திரங்கள் அலறின. மீட்டர் முன்னிலும் வேகமாகச் சுழன்றது.

"அம்மா, இது அவசர வழிக் கதவு!"

"அவசரம்தான் சார்! ஒரு நிமிசம் பிந்தியிருந்தா வெரச்சே போயிருப்பேன். இந்தாங்க, கடலை சாப்டுங்க."

கடலையை வாங்கிக்கொண்ட பூவராகவன், கதவில் அபாய மணி ஒன்றைப் பொருத்தினார். கதவு திறந்தால் ஒலிக்கும். அஞ்சி மூடிவிடுவார்கள் என்பது கணக்கு. மணி ஒலித்தது. ஆனால் ஆறு மாடியும் தீப்பிடித்ததென்று எண்ணி வாசலுக்கு ஓடிவந்துவிட்டது. ஒருவர்கூடக் கூச்சலிடவில்லை. உச்சி வெயிலில் நின்று, கைகளை விரித்து, ஞாயிற்றை நோக்கி முகத்தை உயர்த்தி, கோயிலில் தரிசனம் பெற்றவர்களைப் போல் கண்மூடி நின்றார்கள். தீ இல்லை, உள்ளே வாருங்கள் என்று பூவராகவன் தொண்டை வறளக் கத்தினார். ஒருவரும் அசையவில்லை. எல்லாரையும் உள்ளே தள்ளிய பிறகும் வெயிலில் ஒருவர் எஞ்சி நின்றார். சேர்மன்!

பெரியண்ணனின் குரல் தழுதழுத்தது. "பாத்தீங்களா? கடைசி ஆளு உள்ள போற வரைக்கும் தான் வெயில்ல நின்னாருங்க. கப்பல் தலைவன் மாதிரி! இவ்வளவு நேரம் வெந்திருப்பாரு பாவம். இன்னும் ஒரு டிகிரி குறைச்சு உடுங்க."

பதினேழு ஆயிற்று. மணி கழன்றது; செங்கல் கதவுக்குத் திரும்பியது.

ஏ.சி.யில் மிச்சம் பிடிக்க முடியாதவர் விளக்கிலாவது பிடிப்போம் என்று திட்டமிட்டார். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் விளக்கைத் தானாக அணைக்கும் சென்சார்களை மாடிக்கு மாடி மாட்டினார். நல்ல திட்டந்தான். ஆனால் குளிரில் கம்பளிக்குள் சுருண்டு, கல்லுப் பிள்ளையார் போல் அசையாமல் அமர்ந்திருந்த ஊழியர்களை ஆள் என்றே சென்சார் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்குப் பிரிவு திடீர் திடீரென இருண்டது. இருண்டவுடன் அனைவரும் இரு கைகளையும் தூக்கி ஆட்டினார்கள். ஒருமுறை அந்தப் பக்கம் வந்த சேர்மன், ஒரு கூடம் நிறைய மக்கள் தம்மை நோக்கிக் கையசைப்பதைக் கண்டு நெகிழ்ந்துபோய்த் தாமும் கையசைத்துவிட்டுச் சென்றார்.

கை வலித்த தமிழ்செல்வி, அலமாரிமேல் ஒரு டேபிள் ஃபேனை வைத்து, அதன் கம்பிவலையில் ஒரு நாடாவைக் கட்டிவிட்டார். ஃபேன் சுழன்றது, நாடா ஆடியது, சென்சார் ஏமாந்தது. விளக்குகள் அணையவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட! யாரும் இல்லாத கூடத்தில், பதினேழு டிகிரிக் குளிரில், ஒரு மின்விசிறி ஆனந்தமாகச் சுழன்றுகொண்டிருந்தது.

அந்த நிலையில்தான் தணிக்கை நிறுவனத்தின் வைஷ்ணவி முன்னோட்டமாக ஒரு சுற்றுப் பார்க்க வந்தாள். தில்லியிலேயே பிறந்த இளம் பொறியாளர். தமிழை இந்தியில் தொட்டுக்கொண்டு பேசுவாள்.

"அரே அங்கிள், யே க்யா ஹை? ஸ்வெட்டர் போட்டவங்களுக்கு ஃபேனா?"

"அது மனுஷங்களுக்கு இல்லம்மா. சென்சாருக்கு."

வைஷ்ணவி நெற்றியில் கைவைத்தாள். "பில்டிங் ஃபர்ஸ்ட் கிளாஸ் அங்கிள். மெஷின் ஃபர்ஸ்ட் கிளாஸ். ஆனா நீங்க அதை ஓட்டுறது... மத்லப், அதாவது, புதுக் கார் வாங்கி, ஹேண்ட் பிரேக்கை எடுக்காம ஓட்டுற மாதிரி. பதினேழு யாருக்கு வேணும்?"

கணக்குப் பிரிவு முழுவதும் கூரையை நிமிர்ந்து பார்த்தது.

"அவர்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

கூரையைப் பார்த்த கண்கள் தரையைப் பார்த்தன.

"அச்சா. வெள்ளிக்கிழமை வர்றேன். இருபத்தாறுல ஓட்டிக் காட்டுங்க, பாஸ் பண்ணிடுவேன். இதே மாதிரி இருந்தா, சாரி அங்கிள், வாசல்ல இருக்கற பிளேட்டைக் கழட்டச் சொல்லித்தான் எழுதணும்."

அன்று மாலை பூவராகவன் துணிந்துவிட்டார். கல்லூரி மேடையில் முழங்கிய அதே மூச்சை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு சேர்மன் அறைக்குள் நுழைந்தார். கஸ்தூரிரங்கன் கோட்டுக்குள் கழுத்தைப் புதைத்து, இரு கைகளையும் பைகளுக்குள் செருகி அமர்ந்திருந்தார். என்ன கம்பீரம்! நிரம்பிய மூச்சு பாதி இறங்கிவிட்டது.

"வாங்கோ பூவராகவன். ஸ்டாஃப் எல்லாரும் சௌக்கியமா? இந்தக் குளிரெல்லாம்... எல்லாருக்கும் திருப்தியா இருக்கோ?"

ஆகா, வாய்ப்பு! கனிந்த கனி கையில் வந்து விழுந்தது. பூவராகவன் வாயைத் திறந்தார். இது விசாரிப்பா, குற்றச்சாட்டா? இன்னும் குளிர் போதவில்லை என்று நாசூக்காகச் சொல்கிறாரோ? மயூர் விஹார் வீட்டின் கதவு கண்முன் ஆடியது.

"ரொம்பத் திருப்தி சார்! எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க. வேணும்னா டிகிரியை இன்னும் குறைச்சுடலாம் சார்!"

"இன்னுமா?"

சேர்மனின் கண்களில் நீர் துளிர்த்தது. ஊழியர் நலனில் அவருக்குத்தான் எத்தனை உருக்கம்!

"எல்லாரும் சந்தோஷமா இருந்தா சரி," என்றார் மெல்லிய குரலில். "நீங்க போங்கோ."

வெளியே வந்த பூவராகவன் தன்னைத் தானே ஏசிக்கொண்டு நின்றார். அச்சம் என்னும் இயந்திரத்துக்கு மட்டும் மீட்டர் இல்லை. இருந்திருந்தால் அந்தக் கட்டடத்தின் பெரும்பகுதி மின்சாரம் அதில்தான் ஓடியிருப்பது தெரிந்திருக்கும்.

வியாழக்கிழமை பெரியண்ணன் மின்பொறியாளர் அறைக்கே இறங்கி வந்தார். முகத்தில் இழவு வீட்டுக் களை.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க. டீ கொண்டு போனப்ப சார் போன்ல பேசிட்டிருந்தாரு. 'டிரான்ஸ்ஃபர் இந்த மாசத்துக்குள்ள ஆயாகணும், இதுக்கு மேல தாங்காது'ன்னு மினிஸ்ட்ரிக்காரங்ககிட்டக் கறாராச் சொல்லிட்டாருங்க."

"யாரை?"

"பேரு சொல்லலீங்க. ஆனா, அவரைத் தாங்க முடியாத அளவுக்குச் சோதிச்சது இந்த பில்டிங்ல வேற யாருங்க? மணி அடிச்சு வெயில்ல நிக்க வெச்சது யாருங்க?"

பூவராகவன் நாற்காலியில் சரிந்தார். புது வீடு, சுண்ணாம்பு மணம், பால்கனியில் மனைவி வைத்த துளசி, எல்லாம் கண்முன் வரிசையாக வந்து விடைபெற்றன. பிறகு ஒரு விந்தை நிகழ்ந்தது. எது பறிபோகுமோ என்று மாதக்கணக்கில் நடுங்கினாரோ, அது போய்விட்டது என்று அறிந்த கணத்தில், நடுக்கமும் போய்விட்டது! முதுகெலும்பு என்று ஒன்று தனக்கு இருப்பது நெடுநாளைக்குப் பிறகு அவருக்கு நினைவு வந்தது.

"பெரியண்ணன், நான் போகப்போறவன். போறவனை இன்னொரு தடவை யாரும் மாத்த முடியாது இல்லையா?"

"அதெப்படிங்க முடியும்?"

"நல்லது."

நேராக இயந்திர அறைக்குச் சென்றார். எல்லா மாடியும் இருபத்தாறு. ஆறாம் மாடியும் இருபத்தாறு. சேர்மன் அறையும் இருபத்தாறு.

வெள்ளிக்கிழமை விடிந்தது. காலை தொடங்கிக் கட்டடத்தில் ஒரு விடுதலைக் காற்று வீசியது. கம்பளிகள் கழன்றன, சால்வைகள் மடிந்தன. மனிதர்கள் அசைந்தார்கள், நடந்தார்கள், சிரித்தார்கள். அவர்களை ஆள் என்று சென்சார்கள் ஒப்புக்கொண்டன. தமிழ்செல்வி ஃபேனை நிறுத்தி நாடாவை அவிழ்த்தார். "வெளிய அனலா அடிக்குது, இந்தக் கதவ எவன் தொறந்து போட்டது?" என்று அதட்டியபடி, செங்கல்லைத் தாமே காலால் உதைத்துத் தள்ளினார். ஆணையிட்டு அடக்க முடியாததை ஆறுதல் அடக்கிவிட்டது! கீழே மீட்டர், வெறி தணிந்த யானையைப் போல் மெல்ல அசைந்தது.

கூட்ட அரங்கில் வைஷ்ணவியும் அதிகாரிகளும் காத்திருந்தார்கள். கஸ்தூரிரங்கன் கோட்டோடு உள்ளே வந்தார். ஓர் அடி வைத்தார், நின்றார். காற்றை முகர்ந்தார். சுற்றிலும் பார்த்தார். பின்பு, அந்தக் கட்டடத்தின் வரலாற்றில் எவரும் கண்டிராத ஒன்றைச் செய்தார். கோட்டைக் கழற்றினார்.

பெரியண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். "போச்சுங்க," என்றார் காற்றாகிவிட்ட குரலில்.

சேர்மன் டையைத் தளர்த்தினார். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினார். அடிக்கப்போகிறவர்கள்தாம் அப்படிச் சுருட்டுவார்கள். பூவராகவன் எழுந்து நின்றார்.

"சார், குளிரைக் குறைச்சது நான்தான். யாரையும் கேக்கல. ஒரு மனுஷருக்காக முந்நூறு மனுஷங்க விறைக்கிறது நியாயம் இல்லைன்னு தோணிச்சு. இந்தக் கட்டடம் நல்ல கட்டடம் சார்; நாமதான் அதை நல்லா இருக்க விடல. எந்தத் தண்டனைன்னாலும் ஏத்துக்கறேன். நாளைக்கு எந்த ஊருக்குப் போகச் சொன்னாலும் போறேன். ஆனா மறுபடி பதினெட்டோ பதினேழோ வைக்கறதுக்கு மட்டும் என் கை வராது!"

சேர்மன் பூவராகவனை ஒரு நீண்ட பார்வை பார்த்தார். விருட்டென்று திரும்பித் தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பாஸ், அங்கிள்," என்று வைஷ்ணவி கையைப் பிடித்துக் குலுக்கினாள். "ஏக்தம் பாஸ்! இப்படியே ஓட்டுங்க."

"ஓட்டுறதுக்கு வேற ஆள் வருவாங்கம்மா," என்றார் பூவராகவன். குரலில் வருத்தம் இருந்தது; வளைவு இல்லை.

அவர் லிஃப்டுக்காக நின்றபோது பெரியண்ணனின் மேசைமேல் தொலைபேசி ஒலித்தது. எடுத்த பெரியண்ணன் விறைத்து எழுந்து நின்று, அதைப் பூவராகவனிடம் நீட்டினார். "சேர்மன் சாரோட வீட்டம்மா, லீலாவதி அம்மாங்க. உங்களைத்தான் கேக்கறாங்க."

"சொல்லுங்கம்மா," என்றார் பூவராகவன்.

"நீங்கதான் அந்த இன்ஜினீயரா? நன்னா இருப்பேள்! ஆபீஸ் மொத்தமும் குளிரை ஆசைப்படறது, நான் ஒருத்தன் நடுங்கறேன்னு எப்படிச் சொல்றதுன்னு, மனுஷர் வெக்கப்பட்டுண்டு தனக்குத்தான் டிரான்ஸ்ஃபர் கேட்டிருந்தார். இப்பதான் போன் பண்ணி, வேண்டாம், இங்கேயே இருந்துடலாம்னு சொன்னார்!"